ஆ-ஷுன் எழுதிய இரண்டாவது வரி

ஜொங்ஹே நகரில் ஆ-ஷுன் பார்க்கும் வேலை என்னவென்று அவன் மாமியாருக்கு இன்றுவரை யாராலும் விளங்கவைக்க முடியவில்லை. "கம்ப்யூட்டர் கம்பெனியில உக்காந்து தூங்குறான்" என்பதுதான் அந்த அம்மாள் அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருக்கும் விளக்கம். அதில் பாதி உண்மையும் உண்டு.

கடையில் வாங்கும் ரேம் பட்டை, கம்ப்யூட்டரில் செருகியதும் எல்லோருக்கும் பொதுவான ஒரு வேகத்தில் சாதுவாகத்தான் ஓடும். அது எட்டக்கூடிய உண்மையான வேகம் அதற்குள்ளேயே எழுதப்பட்டுக் காத்திருக்கும். கம்ப்யூட்டர் கண்விழிக்கும்போது அமைப்புத் திரைக்குள் புகுந்து, 'புரொஃபைல்' என்று இருக்கும் வரியைத் தேர்ந்தெடுத்தால் போதும், பட்டை நாலுகால் பாய்ச்சலில் கிளம்பிவிடும். எவ்வளவு வேகம், எவ்வளவு மின்சாரம், ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவே எவ்வளவு மூச்சு விடலாம் என்று அந்த வரிக்குப் பின்னால் இருக்கும் எண்களை யாராவது ஒருவன் உட்கார்ந்து சோதித்து எழுதியாக வேண்டுமே. அந்த ஒருவன்தான் ஆ-ஷுன்.

அவனுடைய சோதனை அறையில் மூடியில்லாத மதர்போர்டுகள் வரிசையாகக் கிடக்கும். குட்டி விசிறிகள் ஒரே சுரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஏசி எலும்புவரை குளிரும். அந்த ஓசையில் அவன் கண் தானாகச் சொக்கிவிடும். அப்போதெல்லாம் ஒரே கனவு. பட்டைக்குள் ஓர் ஊர். தெருவெல்லாம் வீடுகள், வீட்டுக்கு ஒரு சின்ன விளக்கு. எல்லா விளக்கிலும் எண்ணெய் கசிந்துகொண்டே இருக்கும். எண்ணெய்க் கிண்ணத்தோடு ஆ-ஷுன் ஓடி ஓடி ஊற்றிக்கொண்டே போவான். கனவு என்றாலும் பொய்யில்லை. ரேமின் சுபாவமே அதுதான், நொடிக்கு நொடி நிரப்பிக்கொண்டே இருக்காவிட்டால் எல்லாவற்றையும் மறந்துவிடும்.

சோதனை அடுக்கின் தலைமேல், தேங்காய்ச் சுவைச் சோளப்பொரியின் பச்சைப் பாக்கெட் ஒன்று எப்போதும் வீற்றிருக்கும். பச்சைதான் வைக்க வேண்டும், மஞ்சள் வைத்தால் மெஷின் முரண்டு பிடிக்கும். தேதி கடந்திருக்கக் கூடாது. யாரும் பிரித்துத் தின்னவும் கூடாது. அந்தப் பொரியின் பெயருக்கே எங்கள் மொழியில் 'சமர்த்தாக இரு' என்று அர்த்தம். எங்கள் ஊரில் மெஷின் ஓடுகிற இடமெல்லாம் இந்தப் பழக்கம் உண்டு. கேட்டால் எல்லோரும் விளையாட்டுக்கு என்பார்கள். எடுத்துப் பாருங்கள், முகம் மாறிவிடும்.

ஆ-ஷுனும் மனைவி ருவோ-லானும் குடியிருந்தது ஐந்து மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில், தகரக்கூரை போட்ட அறையில். மழை பெய்தால் பேச முடியாது, வெயில் அடித்தால் மூச்சு விட முடியாது. அங்கே உட்கார்ந்துதான் அவள் கல்யாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுத்து வந்தாள். வசந்தத்தில் ஆ-ஷுன் இன்னும் கடைக்கு வராத புதுப் பட்டைகளை, தான் எழுதிய புரொஃபைலோடு, அவள் மெஷினில் மாட்டி, அதன் தலைமேலும் ஒரு பச்சைப் பாக்கெட்டை வைத்தான். மெஷின் பறந்தது. ஒரு வாரம் பிடிக்கும் கல்யாணப் படம் மூன்று நாளில் முடிந்தது. ருவோ-லான் அவன் கன்னத்தைக் கிள்ளி, "தூங்கித் தூங்கி இதையா செஞ்சே?" என்றாள்.

ஜூலை வந்தது. ஒரு சனிக்கிழமை மதியம் ஆ-ஷுன் எள்விழுது போட்ட குளிர்ந்த நூடுல்ஸ் வாங்கிக்கொண்டு படியேறி வந்தபோது, ருவோ-லான் திரையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்து பாரு. பொண்ணு வீசின விசிறி மறுபடியும் அந்தரத்துல நிக்குது."

பிறந்த வீட்டைவிட்டுக் கிளம்பும் மணப்பெண் சடங்குப்படி கார் ஜன்னல் வழியே வீசிய சிவப்புக் கைவிசிறி, தெருவில் விழாமல் பாதி வழியிலேயே உறைந்திருந்தது. மதியம் ஆனால் மெஷின் இப்படித்தான் நின்றுவிடுகிறது, அன்றைய உழைப்பும் போய்விடுகிறது என்றாள். ஆ-ஷுன் மெஷினின் தலையைப் பார்த்தான்.

"இங்க இருந்த பச்சைப் பாக்கெட் எங்க?"

"தின்னுட்டேன்."

"தின்னுட்டியா!"

"பசிச்சுது. அஞ்சு மாடி இறங்கி ஏற உடம்புல தெம்பில்ல."

"அப்புறம் மெஷின் நிக்காம என்ன பண்ணும்?"

ருவோ-லான் முதலில் சிரித்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"ஆ-ஷுன், நீ எஞ்சினியர்தானே? நாலு பொரியைத் தின்னதுக்கு என் மேல பழி போடுறியா?" அவள் குரல் தழுதழுத்தது. "காவ்ஷியுங்லருந்து அக்கா கூப்பிட்டா. அவ ஸ்டுடியோவுல அடுத்த மாசம் ஒரு இடம் காலியாகுதாம். ஏசி ரூம். இங்க ஏசியப் போட்டா ஃப்யூஸ் போகுது. பழைய வேகத்துக்கே திரும்பிப் போனா சொன்ன நாளுக்குப் படம் முடியாது. நான் அக்காகிட்ட சரின்னு சொல்லிடறேன்."

காவ்ஷியுங் இருப்பது எங்கள் தீவின் மறுகோடியில். வார நாளெல்லாம் அவள் அங்கே, இவன் இங்கே. ஆ-ஷுன் கீழே ஓடிப்போய்ப் புதுப் பச்சைப் பாக்கெட் ஒன்று வாங்கிவந்து மெஷின்மேல் வைத்தான்.

மறுநாள் மதியம் விசிறி மறுபடியும் அந்தரத்தில் நின்றது. பாக்கெட் பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. ருவோ-லான் போய்ப் பாயில் படுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. வெயிலில் தகரம் சடசடப்பதைக் கேட்டபடியே ஆ-ஷுனுக்குக் கண் செருகியது. அதே ஊர்தான் வந்தது. ஆனால் இம்முறை ஊருக்கு மேலே வானம் இல்லை, தகரம் வேய்ந்திருந்தது. விளக்குகளில் எண்ணெய் மளமளவென்று வற்றியது. அவன் ஒரு தெருவை முடிப்பதற்குள் அடுத்த தெரு இருண்டது. கடைசி வீட்டு வாசலில் ருவோ-லான் பெட்டியோடு நின்றிருந்தாள்.

திடுக்கிட்டு எழுந்து, மெஷினைத் திறந்து பட்டையைத் தொட்டான். விரல் சுட்டது. சூட்டில் ரேம் சீக்கிரம் மறக்கும் என்பது அவனுக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் அந்த எண்களையெல்லாம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு குளிர் அறையில் உட்கார்ந்து தேறியது என்று எழுதியவன் அவன்தான். வெட்கமாக இருந்தது.

"லான், பாக்கெட் மேல தப்பில்ல. உன் மேலயும் இல்ல. நான் போட்ட கணக்குலதான் தப்பு."

அவள் சுவரைப் பார்த்தபடியே, "தப்பைக் கண்டுபிடிச்சாச்சு. சரி பண்ண முடியுமா?" என்றாள்.

திங்களன்று ஆ-ஷுன் பழைய தகரங்களை மடக்கிச் சோதனை அடுக்கின்மேல் கூரை போட்டு, உள்ளே ஒரு சூடேற்றும் விளக்கையும் வைத்தான். மேலாளர் காங் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"என்னப்பா, உன் வீட்டையே தூக்கிட்டு வந்துட்டியா?"

"சூட்டுல நம்ம எண்ணு நிக்கல சார். கொஞ்சம் குறைக்கணும்."

"பெட்டியெல்லாம் அச்சடிச்சாச்சு ஷுன். இனிமே அந்த எண்ணை மாத்தணும்னா என்னையே மாத்திடுவாங்க. அடுப்புக்குள்ள குடியிருக்கிறவனுக்கா நாம ரேம் செய்யறோம்?"

"எங்க வீட்ல ரெண்டு பேர் இருக்கோம் சார்."

காங் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அந்தத் தகரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினார். "ரெண்டாவது புரொஃபைல் சும்மாத்தானே கிடக்கு? அதுல எழுதிக்கோ. பேரும் நீயே வெச்சுக்கோ. எவன் அதுவரைக்கும் வந்து பாக்கப் போறான்?"

முதல் வரியை அப்படியே விட்டுவிட்டு, இரண்டாவதில் ஆ-ஷுன் தன் எண்களை எழுதினான். வேகத்தில் ஒரு பிடி குறைத்தான். மின்சாரத்தையும் குறைத்தான். விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்ற இன்னும் கொஞ்சம் அவகாசம் கொடுத்தான். தகரத்துக்கடியில் அது தவறாமல் ஓடியது. அந்த வாரம் முழுக்க அவன் அறையில் ஒருமுறைகூடக் கண்ணயரவில்லை. கடைசியில் பெயர் எழுதும் கட்டம் வந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு எழுதினான்.

வெள்ளிக்கிழமை காலையில் இரண்டாவது வரி எழுதிய பட்டைகளை அவள் மெஷினில் மாட்டினான். "மதியம் நின்னுச்சுன்னா ரெண்டாவது வரிக்குப் போ" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினான். ருவோ-லானின் பயணப் பெட்டி பாயருகே திறந்து கிடந்தது. அதைத் தாண்டித்தான் வாசலுக்கு வர வேண்டியிருந்தது.

மூன்று மணிவாக்கில் போன் அடித்தது.

"ஆ-ஷுன்."

"நின்னுடுச்சா?"

"முதல் வரியில நின்னுச்சு. ரெண்டாவதுக்குப் போனேன்." பின்னால் தகரம் சடசடப்பது கேட்டது. "அதுல என் பேரு இருக்கு."

"ம்."

"ரெண்டாவது வரியிலதான் எனக்கு இடமா?"

"முதல்ல இருக்கிறது வெயில் தாங்காது, லான்." அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். "விசிறி என்ன ஆச்சு?"

"விழுந்துடுச்சு. கார் போயிடுச்சு. பொண்ணோட அம்மா சடங்குப்படி வாசல்ல தண்ணியும் ஊத்திட்டாங்க. இப்ப எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க."

வரிசை வரிசையாக ஓடும் விசிறிகளின் நடுவே ஆ-ஷுன் அசையாமல் நின்றான்.

"அக்காகிட்ட வரலைன்னு சொல்லிட்டேன்" என்றாள் அவள். "வரும்போது பச்சைப் பாக்கெட் ரெண்டு வாங்கிட்டு வா. ஒண்ணு எனக்கு."