சிவப்பு எரிந்தால் நிறுத்தணும்

திரௌபதிக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் வேகம் காட்டும் முள்ளுக்குக் கீழே சட்டைப் பொத்தான் அளவில் இருக்கும் சிவப்பு விளக்கைப் பற்றி ஆலங்காயத்தில் வேறு எந்த டிரைவரின் மனைவியையும்விட அவளுக்கு அதிகம் தெரியும். இன்ஜினுக்குள் ஆயில் ஓட்டம் நின்றுபோனால் அது எரியும். எரிந்த பிறகும் ஓட்டினால் இன்ஜின் இறுகிப் பிடித்துக்கொள்ளும். மலை இறக்கத்தில், வளைவில், அப்படிப் பிடித்துக்கொண்டால் வண்டி ஓட்டுகிறவன் பேச்சைக் கேட்காது.

அவளுடைய அண்ணன் கோபால்சாமி அப்படித்தான் போனான். காவலூரிலிருந்து இறங்கும் பாதையில், புளியமரத்து வளைவில். பின்சீட்டில் இருந்து தப்பித்த வியாபாரி துக்கம் கேட்க வந்தபோது சொன்னார்: "சிவப்பு எரியுதேப்பான்னு நான் கேட்டேம்மா. வூட்டாண்ட போய் பாத்துக்கலாம்னாரு." அந்த ஒரு வரிதான் அவளிடம் மிச்சம் இருந்தது.

அதனால் அவள் கணவன் ஆதிநாராயணன் எண்பத்தொன்றாம் வருஷம் ஒரு பழைய காரை வாங்கி வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தபோது, முதல் பூஜையிலேயே தட்டில் கற்பூரத்தை ஏற்றி அவன் முன்னால் நீட்டினாள்.

"சிவப்பு எரிஞ்சா நிறுத்தணும். எங்க இருந்தாலும் சரி, யாரு இருந்தாலும் சரி. அணைங்க."

அவன் சிரித்துக்கொண்டேதான் உள்ளங்கையால் கற்பூரத்தை அடித்து அணைத்தான். ஆனால் கற்பூரம் அணைத்துச் செய்த சத்தியத்தை மீறினவன் வீட்டில் விளக்கு எரியாது என்பதில் அவனுக்கும் சந்தேகம் இல்லை.

முதல் மூன்று மழைக்காலம் வண்டி ஓடும்போது அந்த விளக்கு எரியவே இல்லை. நான்காவது மழைக்காலத்தில், ஐப்பசி பிறந்ததும், பொய் சொல்ல ஆரம்பித்தது.

மலைப்பாதையில் திடீரென்று எரியும். ஆதிநாராயணன் நிறுத்துவான். பானட்டைத் திறந்து, இன்ஜின் சூடு ஆறக் காத்திருந்து, குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பான். ஆயில் இருக்க வேண்டிய கோட்டில் இருக்கும். மறுபடி கிளப்பினால் விளக்கு எரியாது. சவாரிக்காரர்கள் முணுமுணுப்பார்கள். வீட்டுக்கு வந்து அவளிடம் மறைக்காமல் சொல்வான். அவள் அன்று இரவு தூங்க மாட்டாள்.

வெள்ளிக்கிழமை மட்டும் செய்துகொண்டிருந்த பூஜையை அவள் செவ்வாய்க்கிழமைக்கும் நீட்டினாள். டேஷ்போர்டின் மேல் ஒட்டியிருந்த வேடியப்பன் படத்தைத் துடைத்து, சொம்பில் மஞ்சள் கரைத்து, மாவிலையால் மூன்று முறை தெளித்து, மிச்சத்தைப் படத்தின் காலடியில் ஊற்றுவாள். தண்ணீர் முன்கண்ணாடிக்குக் கீழே இருந்த நீளமான இடுக்கு வழியாக இறங்கிவிடும். இறங்கட்டும், வண்டிக்கு உள்ளேயும் சாமி இருக்கட்டும் என்று நினைத்துக்கொள்வாள். விளக்கு அடிக்கடி எரிந்தது. அவள் சொம்பை இன்னும் பெரிதாக எடுத்தாள்.

வாணியம்பாடியில் வண்டிகளுக்கு வயரிங் வேலை செய்கிற ரஷீத் பாய், இன்ஜினில் ஆயில் அழுத்தம் பார்க்கும் சுவிட்சை மாற்றினார். அடுத்த முறை அங்கிருந்து வரும் வயரையும் மாற்றினார். அதற்கடுத்த முறை துணி எடுக்கவென்று திரௌபதியும் கூடப் போயிருந்தாள்.

"இன்னா ஆதி, மறுபடியுமா? உன் வண்டிக்கு என்னைக் கண்டா பயம்பா. என் கடையாண்ட வந்தா நல்ல புள்ளையாய்டுது." பாய் ஒரு சின்ன பல்பில் இரண்டு வயரைக் கட்டி, ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்தார். எல்லா இடத்திலும் பல்பு ஒழுங்காக எரிந்தது. "ஜுரம் அடிக்கறப்ப இட்டாந்தாதானே நாடி புடிக்க முடியும்? சரி, அது எரியறப்ப கூட வேற இன்னா ஆவுது? முள்ளுங்க எதுனா ஆடுதா?"

"சிவப்பு எரியறப்ப வேற எதை பாய் பாக்கறது?"

"அதான் பாத்தேன். கொள்ளிவாய்ப் பிசாசைக் கண்டவனாட்டம் அதையே பாத்துனு இருக்க. நீயாச்சும் பாத்துச் சொல்லு தங்கச்சி."

"நான் எங்க பாய் மலைக்குப் போறேன்" என்றாள் அவள். அண்ணன் போன பிறகு அந்தப் பாதையில் அவள் கால் வைத்ததில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை, பூஜை முடித்த கை ஈரம் காய்வதற்குள், சடையன் மழையில் நனைந்து வாசலில் நின்றான். மேலே காவலூரைத் தாண்டி இருக்கும் ஊர்க்காரன். வருஷா வருஷம் அவர்களுக்குச் சாமையும் தேனும் கொண்டுவந்து கொடுக்கிறவன்.

"அக்கா, செல்லிக்கு நேத்துலருந்து நோவு. புள்ள குறுக்கால கீதுன்னு சொல்லி மருத்துவச்சி கைய விரிச்சிட்டா. பஸ்சைக் காணோம். நடந்தே வந்தேன்."

ஆதிநாராயணன் பெட்ரோல் தொட்டிக்குள் குச்சியை விட்டுப் பார்த்தான். நாலு விரக்கடை நனைந்திருந்தது. "மேல ஏறி, வாணியம்பாடி வரைக்கும் போவும். அத்தோட சரி." பிறகு அவளைப் பார்த்தான். "கூட ஒரு பொம்பள இருந்தா தேவல."

அவள் பழைய புடவைகள் இரண்டை எடுத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள். ஏறும்போது வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். விளக்கு எரியவில்லை.

கம்பளியில் வைத்துச் செல்லியைச் சாலைக்குத் தூக்கிவந்தார்கள். பின்சீட்டில் சடையன் மடியில் தலைவைத்துப் படுக்க வைத்தார்கள். திரௌபதி திரும்பி உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது.

இறக்கம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே சிவப்பு எரிந்தது.

ஆதிநாராயணன் நிறுத்தினான். மழையில் பானட்டைத் தூக்கி நின்றான். செல்லி பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். ஆயில் சரியாக இருந்தது. கிளப்பினான். இரண்டு வளைவு தாண்டியதும் மறுபடி எரிந்தது. மறுபடி நிறுத்தினான். இந்த முறை பின்சீட்டில் முனகல் குறைந்தது. திரௌபதி குனிந்து செல்லிக்கு மூச்சு இருக்கிறதா என்று பார்த்தாள்.

"அண்ணா" என்றான் சடையன். அவன் குரலில் கோபம் இல்லை. "வண்டி போவாதுன்னா சொல்லிடு. நான் தூக்கினு எறங்கிடறேன்."

ஆதிநாராயணன் பானட்டை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தான். முகத்தில் வழிந்ததை அவன் துடைக்கவில்லை. வண்டி நகர்ந்தது. கீழே, மழைக்கு நடுவில், புளியமரத்தின் கறுத்த தலை தெரிந்தது. அப்போது மூன்றாவது முறை எரிந்தது. அவன் கால் பிரேக்கைத் தேடியது.

திரௌபதி அதுவரை அந்த விளக்கை நேராகப் பார்த்ததில்லை. எரியும்போதெல்லாம் கண்ணைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தாள். இப்போது பார்த்தாள். ரத்தச்சொட்டு மாதிரி இருந்தது. ரஷீத் பாய் கேட்டது ஞாபகம் வர, பார்வையைப் பிடுங்கிப் பக்கத்து முள்களில் வைத்தாள். சூடு காட்டும் முள் கடைசிக் கோட்டில் நின்றது. அதற்குப் பக்கத்தில் பெட்ரோல் முள்.

"நிறுத்தாதீங்க."

"இன்னாமே சொல்ற? கற்பூரம் அணைச்சிருக்கேன்."

"என்கிட்டதானே அணைச்சீங்க? நானே சொல்றேன், போங்க."

"புளியமரம் வருது திரௌபதி."

"தெரியும். பெட்ரோல் முள்ளைப் பாருங்க. காலைல குச்சி வுட்டப்ப நாலு விரக்கடை. மலை ஏறி எறங்கற வண்டில தொட்டி ரொம்பி கீதுன்னு சொல்லுது. நடுவுல யாரு ஊத்தனாங்க?"

அவன் பார்த்தான். உண்மைதான், முள் முழுத் தொட்டியைக் காட்டியது. "முள்ளு பொய் சொன்னா லைட்டும் பொய் சொல்லுதுன்னு ஆயிடுமா?"

அது அவளுக்குத் தெரியாது. "லைட்டு, சூட்டு முள்ளு, பெட்ரோல் முள்ளு, மூணும் ஒண்ணா ஏறுதா, ஒண்ணா எறங்குதான்னு பாத்துனே வர்றேன். லைட்டு மட்டும் தனியா நின்னுச்சுன்னா நானே நிறுத்தச் சொல்றேன். மெதுவா வுடுங்க."

அவன் கால் பிரேக்கிலிருந்து எழுந்தது. வண்டி வளைவுக்குள் இறங்கியது. இடப்பக்கம் பள்ளத்தில் வெறும் மழைதான் தெரிந்தது. அண்ணனும் கடைசியாக இதைத்தான் பார்த்திருப்பான். இன்ஜின் சத்தத்தில் ஏதாவது முறுக்கம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்தாள். கேட்பதெல்லாம் முறுக்கமாகவே கேட்டது. நிறுத்துங்க என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. ஒரு கையில் செல்லியின் விரல்களைப் பிடித்து, மறு கையால் சீட்டைப் பற்றிக்கொண்டு, மூன்றையும் பார்த்தபடியே இருந்தாள்.

வளைவின் நடுவில் மழைத்தண்ணீர் அரித்த ஒரு குழி. சக்கரம் இறங்கி ஏறியது. வண்டி மொத்தமும் குலுங்கியது. விளக்கு சட்டென்று அணைந்தது. அதே கணத்தில் இரண்டு முள்ளும் வழுக்கிக்கொண்டு இறங்கத் தொடங்கின. பெட்ரோல் முள் கிட்டத்தட்ட அடியில் போய் நின்றது. கொஞ்ச தூரம் போனதும் விளக்கு எரிந்தது. முள்கள் சேர்ந்தே ஏறின.

"போங்க" என்றாள். அவள் குரல் அவளுக்கே யாருடையதோ மாதிரிக் கேட்டது. "மூணும் கூட்டு."

அதற்குப் பிறகு வாணியம்பாடி ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அவன் நிறுத்தவில்லை. விளக்கு எரிந்துகொண்டும் அணைந்துகொண்டும் வந்தது. பயம் மட்டும் ஒரு தடவையும் அணையவில்லை.

செல்லிக்கு வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. பொழுது சாய்ந்த பிறகு சடையன் வெளியே வந்து, "ரெண்டும் கீது அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவரோரம் குந்தினான்.

மறுநாள் காலை ரஷீத் பாய், திரௌபதி சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். "மூணும் சேந்தா? அப்ப இன்ஜின்ல தேடறது வேஸ்ட்டு." மீட்டர்ப் பலகையின் திருகுகளைக் கழற்றி, அதை முன்னால் இழுத்து, பின்பக்கம் டார்ச் அடித்தார்.

"தங்கச்சி, உள்ள இன்னா இது, சாம்பாரா?"

அவள் குனிந்து பார்த்தாள். பலகைக்குப் பின்னால் ஒரு கறுப்பு வயர் வண்டியின் இரும்போடு திருகப்பட்டிருந்தது. திருகைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. களிம்பின் மேல் படிப்படியாகக் காய்ந்த மஞ்சள். பாய் விரலால் தட்டினார். வயரின் முனை உதிர்ந்தது.

"எல்லா மீட்டருக்கும் சேத்து இதான் எர்த்து. இது கெட்டியா ஒக்காந்தாதான் எல்லாம் நெஜம் பேசும். லூசாச்சுன்னா ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லும். தண்ணி எங்கருந்து எறங்குது?"

மஞ்சள் வாசனை அவள் மூக்குக்கு எட்டியது. ஆதிநாராயணன் அவளைப் பார்த்துவிட்டு, வாசலில் போகிற மாட்டுவண்டியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான். விளக்கு எரிந்ததால் அவள் ஊற்றினாள். அவள் ஊற்றியதால்தான் விளக்கு எரிந்தது. வயிற்றுப் பிள்ளையோடு மூன்று உயிரைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு அந்த இறக்கத்தில் வண்டியை இரண்டு முறை நிற்க வைத்தது தன் சொம்புதான்.

பாய் இரும்பைப் பளபளவென்று தேய்த்து, வயருக்குப் புது முனை போட்டுத் திருகினார். முள்கள் தத்தம் இடத்தில் நின்றன. வீட்டுக்குப் போகும் வழியில் ஆதிநாராயணன் நெடுநேரம் கழித்துச் சொன்னான்: "பூஜை வேணாம்னு சொல்லல. பம்பருக்குப் பண்ணு."

"ம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை பம்பருக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். டேஷ்போர்டைக் காய்ந்த துணியால் துடைத்தாள். பிறகு தட்டில் கற்பூரத்தை ஏற்றி அவன் முன்னால் நீட்டினாள்.

"மறுபடியும் இன்னாத்துக்கு? அதான் பொய்யின்னு தெரிஞ்சி போச்சே."

"அது பொய் சொன்னப்ப சத்தியத்துலருந்து உங்கள நானே அவுத்து வுட்டேன். இனிமே அது எரிஞ்சா நெஜம். அதான் பயமா கீது. அணைங்க."

இந்த முறை அவன் சிரிக்கவில்லை. உள்ளங்கையால் அடித்து அணைத்தான். வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினான். இன்ஜின் பிடிப்பதற்கு முன் எப்போதும் எரிகிற மாதிரி சிவப்பு எரிந்தது. திரௌபதி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, இன்ஜின் பிடித்து அது அணைகிற வரைக்கும், கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.