அடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம்

1982 தை. ஹட்டனில் ஏறிய பஸ் நோர்வூட்டைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. பொகவந்தலாவைப் பாதையில் வளைவுக்கு வளைவு பக்கத்துச் சீட்டுக்காரர் என் தோளில் வந்து விழுந்தார். இறங்கும் தோட்டத்தின் பெயரைச் சொன்னதும், "புது வீடு கட்டியிருக்காங்களே, அங்கயா? புகையே இல்லயாம், ஆனா ஒரே குளிராமே!" என்றார்.

மாலையில் போய்ச் சேர்ந்தேன். தேயிலைத் தொழிலாளர் வரிசை அறைகளான பழைய லயத்துக்கு மேலே, அங்கேயே கிடைத்த கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய இரட்டை வீடு. ஒரு பக்கம் என் அக்கா பாக்கியம், மறுபக்கம் ஞானம்மா. நடுச்சுவரின் இருபுறமும் அடுப்புகள். இரண்டுக்கும் ஒரே புகைக்கூண்டு. இரண்டும் எரிந்தால் சுவர் சூடேறி, விடியும்வரை இரு குடும்பத்தையும் காக்கும். ஒன்று மட்டும் எரிந்தால் போதாது. கட்டியவர் கெட்டிக்காரர்தான். ஆனால் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது சண்டை போட்டு, பேச்சை விட்ட இரண்டு பெண்களைப் பற்றி அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

அக்காவின் கணவர் கம்பளிக்குள் சுருண்டு, இழுப்பில் மூச்சுக்குத் தவித்தார். அடுப்போ அணைந்து கிடந்தது.

"ஏங்க்கா மூட்டல?"

"அவ மொதல்ல மூட்டட்டும். நம்ம வெறகுல அவ குளிர் காயணுமா?"

அந்தப் பக்கமும் இதே நியாயம்தான் ஓடியிருக்க வேண்டும். விறகு முறியும் சத்தமே இல்லை.

"இதுக்குப் பழைய லயமே தேவல. நாளைக்கே திரும்பிடலாம்னு இருக்கேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்தப் புகையிலதானே மாமாவுக்கு நெஞ்சு கெட்டுச்சு! மறுபடி அதுக்குள்ளயே கொண்டு போறீங்களா?"

மாமா விடாமல் இருமினார். அப்போது சுவரில் டொக் டொக்கென்று சத்தம்.

"பாக்கியம்! அண்ணன் இருமுறது இங்க கேக்குது. நான் மூட்டிட்டேன். நீயும் மூட்டு."

அக்கா என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், பிறகு தீப்பெட்டியை எடுத்தாள். "மூட்டியாச்சு!" என்று அதட்டலாகத்தான் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் சுவர் சூடேறியது. மாமா அதில் முதுகைச் சாய்த்தார்; இழுப்பு மெல்லத் தணிந்தது. எனக்குப் போன உயிர் வந்தது.

காலையில் சுவரோரம் தொங்கவிட்ட படங்குச் சாக்கு மொரமொரவென்று காய்ந்திருந்தது. அக்கா அதை இடுப்பில் கட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கக் கிளம்பினாள். "சாயங்காலம் யாரு மொதல்ல வந்தாலும் தட்டணும்னு பேசிக்கிட்டோம்" என்றாள். லயத்துக்குத் திரும்பும் பேச்சையே காணோம். இனி வராது என்று எனக்குத் தெரியும்.

கொழும்பில் என் அறைக்கும் பக்கத்து அறைக்கும் நடுவே வெறும் பலகைதான். வருடக்கணக்காகியும் அந்த மனிதரின் பெயர்கூடத் தெரியாது. ஊரிலிருந்து திரும்பி வந்ததும் பையைக் கீழே வைத்துவிட்டுப் பலகையைத் தட்டினேன்.

"என்ன வேணும்?" என்றது குரல்.

"தேத்தண்ணி போடப் போறேன். உங்களுக்கும் சேர்த்துப் போடவா?"