வேகன் கதவில் ஒரு பொட்டு

திருத்தணி ரயிலடியில் மூட்டை தூக்கி, இன்று நான்கு லாரிக்கு முதலாளியாக இருப்பவன் நான். மூன்றாவதுக்கு மேல் படித்ததில்லை. இருந்தும் பழைய சரக்கு வேகனைப் பற்றித் தெரிந்துகொள்ள, கண்ணாடி போட்ட அந்த மனிதர் என்னைத்தான் தேடி வந்தார்.

கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி, அந்தக் கால வேகனை உள்ளங்கை அளவில் செய்கிறவர். நான் எதைச் சொன்னாலும் நோட்டில் எழுதிக்கொள்வார். கதவுக்கு எத்தனை கீல் என்று கேட்கவே நாலு தடவை வந்தார்.

ஆறு மாதம் உழைத்து முடித்த வேகனை என் கையில் கொடுத்தார். புது வண்டி என்றால் நம் கை சும்மா இருக்குமா? சந்தனத்தைக் குழைத்து, கட்டைவிரலால் கதவில் ஒரு பொட்டு வைத்தேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "இன்னா நைனா பண்ட்டீங்க! நெசத்துல இருந்தா மாதிரியே செஞ்சிகினு வந்தேனே!"

"ஆயுத பூஜைக்கு நாங்க வேகனுக்குப் பொட்டு வெச்சதும் நெசந்தாங்க."

துடைக்கத் துணி எடுத்தவர் கையை நிறுத்தி, பூதக்கண்ணாடியால் பார்த்தார். "இந்த அளவுப்படி பொட்டு மாட்டுவண்டிச் சக்கரம் சைசுக்கு வருதே?"

"ஆங், நாங்க எதையும் பெரிசாத்தான் செய்வோம்."

துணியை மடித்துப் பையில் வைத்துவிட்டு நோட்டைத் திறந்தார். "எந்தப் பக்கத்துக் கதவுல வெப்பீங்க?"

என் வீட்டுக்காரிகூட என்னை இவ்வளவு நம்பியதில்லை.