திருவிழாவில் அமுக்கிய விளம்பரம்

எனக்குப் பயம் வருவதற்குக் காரணம் வேண்டியதில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுக் காரில் உட்கார்ந்த பிறகும் இறங்கிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வந்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் ஒரு செயலி செய்து வெளியிட்டால் எப்படி இருக்கும்? எதற்கெல்லாம் பயப்படலாமோ அதற்கெல்லாம் முன்கூட்டியே பயந்து வைத்திருந்தேன். நேரம் தப்பாகக் காட்டிவிடுமோ, யாராவது திட்டி எழுதுவார்களோ, இதே போல இன்னொருவன் நாளைக்கே செய்துவிடுவானோ. என் மேல் பாசம் வைத்திருக்கிறவர்களுக்குப் பயப்பட வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

நான் மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டவன். மலேசியாவில், ஈப்போ நகரத்தில் கைப்பேசி பழுது பார்க்கும் கடை ஒன்றில் பல வருடம் உடைந்த திரைகளை மாற்றிக்கொண்டிருந்தேன். ஆள் வராத நேரத்தில் காணொளிகளைப் பார்த்துச் செயலி எழுதப் பழகினேன். அவற்றில் வரும் ஆங்கிலத்தில் பாதி புரியும். புரியாத பாதியைச் செய்து பார்த்துத் தெரிந்துகொள்வேன். கடையை முதலாளி மூடியபோது வேறு வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து ஒரு பஞ்சாங்கச் செயலி செய்தேன்.

அதற்கு ஒரு தேவை இருந்தது. எங்கள் ஆட்கள் வைத்திருந்த பஞ்சாங்கச் செயலிகள் எல்லாம் இந்திய நேரத்தைக் காட்டும். அதைப் பார்த்து ஒருவர் இரண்டரை மணி நேரம் கூட்டுவார், இன்னொருவர் கழிப்பார். ஒரு நிச்சயதார்த்தத்தில் இரண்டு சம்பந்திகளும் ஆளுக்கு ஒரு ராகு காலத்தை வைத்துக்கொண்டு முறைத்துக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன். என் செயலி நம் ஊர்ச் சூரிய உதயத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். பீடோரில் இருந்தாலும் தைப்பிங்கில் இருந்தாலும் அந்த இடத்து நேரத்தைச் சொல்லும். இலவசம். திரையின் அடியில் ஒரு பட்டையில் விளம்பரம் ஓடும். விளம்பரக் கம்பெனி அதற்குக் காசு தரும்.

செய்வது ஒரு பங்கு வேலை என்றால், செய்ததை நாலு பேரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது பத்துப் பங்கு. இதை எனக்கு எந்தக் காணொளியும் சரியாகச் சொல்லவில்லை. ஈப்போவின் புந்தோங் பகுதியில் மளிகைக் கடைக் கதவுகளில் தாள் ஒட்டினேன். மழை பெய்து கிழிந்தது. கையில் இருந்ததைப் போட்டு இணையத்தில் விளம்பரம் செய்தேன். வந்தவர்கள் ஒரு நாள் பார்த்துவிட்டு நீக்கினார்கள். சிலர் ஏன் நீக்கினார்கள் என்று யோசித்தே எனக்குத் தூக்கம் போகும்.

என் மனைவியின் அண்ணன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறார். அங்கே எனக்கு ஓர் இடம் பார்த்து வைத்திருந்தார். "மச்சான், இப்படியே அந்தத் திரையப் பாத்துக்கிட்டு இருந்தா ஒங்கள தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலதான் கொண்டுபோய் விடணும். பேசாம என்னோட வாங்க" என்பார். போனால் மனைவியையும், பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்த மகளையும் மாதத்துக்கு ஒரு முறைதான் பார்க்கலாம். நானும் மனைவியும் ஒரு முடிவுக்கு வந்தோம். விளம்பரக் கம்பெனியிலிருந்து முதல் பணம் இந்த மாதக் கடைசிக்குள் வந்தால் நான் ஈப்போவில் இருப்பேன். வராவிட்டால் அவருடைய காரில் தெற்கே போவேன். ஒரு குறிப்பிட்ட தொகை சேர்ந்த பிறகுதான் கம்பெனி பணத்தை அனுப்பும். அந்த எல்லையைக் கிட்டத்தட்டத் தொட்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் திருவிழா வந்தது.

சின்ன வயதில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டம் பீடோர் பக்கம். இப்போது அங்கே எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைதான். நாங்கள் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். கோயில் மட்டும் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை திருவிழாவுக்கு எல்லாரும் ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் காரில் வந்து இறங்குவார்கள். அந்த ஆட்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு புலனக் குழு உண்டு. அதை நடத்துகிறவர் என் அக்கா. காலை வணக்கங்கள் தாங்காமல் நான் அதிலிருந்து எப்போதோ வெளியேறியிருந்தேன். திருவிழாவில் ஒலிபெருக்கியும் அவர் கையில்தான்.

அன்னதானத்துக்கு நான் வரிசையில் நின்றிருந்தேன். அக்கா, வழியை மறித்து நிற்கும் வெள்ளைக் காரை எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியே மூச்சு விடாமல் தொடர்ந்தார்.

"அப்புறம், நம்ம தோட்டத்துப் புள்ள, என் தம்பி, ஒரு ஆப் செஞ்சிருக்கு. எல்லாரும் எறக்கிக்கோங்க. கோயில் வைஃபைல எறக்குங்க, ஒங்க டேட்டா போவாது. கீழ வெளம்பரம் வரும். அத அமுக்குங்க. ஒரு வாட்டி அமுக்குனா தம்பிக்குக் கொஞ்சம் காசு. நல்லா அமுக்குங்க."

எப்படிக் காசு வருகிறது என்று என்றைக்கோ அக்கா கேட்டபோது, பார்த்தால் கொஞ்சம், அமுக்கினால் இன்னும் கொஞ்சம் என்று சொல்லியிருந்தேன். யாரையும் அமுக்கச் சொல்லக் கூடாது, அதுதான் அந்தக் கம்பெனியின் முதல் விதி என்பதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய இடம் வரும் என்று யார் நினைத்தது?

தட்டை அங்கேயே வைத்துவிட்டு ஓடினேன். அதற்குள் கைப்பேசிகள் வெளியே வந்துவிட்டன. முன்னால் நின்ற அத்தை ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாரு தம்பி, அமுக்கிக்கிட்டே இருக்கேன். கை வலிக்குது."

"வேணாம் அத்தை, அமுக்காதீங்க, போதும்."

"அதெல்லாம் இல்ல. நீ சும்மா இரு."

பக்கத்தில் இருந்த மாமா, "எனக்குக் கார் வெளம்பரமா வருது. எனக்கு லைசென்சே கெடையாதுலா" என்று சொல்லிக்கொண்டே அமுக்கினார்.

அக்காவிடமிருந்து ஒலிபெருக்கியைப் பிடுங்கி, தயவுசெய்து யாரும் விளம்பரத்தை அமுக்க வேண்டாம் என்று சொன்னேன். அதுதான் வினையாகப் போனது. எங்கள் ஆட்களிடம் வேண்டாம் என்று சொல்வது ஒரு மரியாதை. சோறு வேண்டாம் என்றால் இன்னொரு கரண்டி விழும். மொய் வேண்டாம் என்றால் சட்டைப் பையில் திணிப்பார்கள். நான் வேண்டாம் என்றதும் கூட்டமே சிரித்தது.

"புள்ளைக்கு வெக்கம்" என்றார் யாரோ.

"அப்படித்தான் சொல்லும். நீங்க அமுக்குங்க" என்றார் இன்னொருவர்.

நான் கைப்பேசியில் கணக்குப் பக்கத்தைத் திறந்தேன். எண் ஏறிக்கொண்டே போனது. இத்தனை மாதம் நான் ஏங்கிப் பார்த்த எண். இப்போது அது ஏறாமல் நிற்காதா என்று பார்த்தேன். ஒரே இடத்திலிருந்து, ஒரே வைஃபையிலிருந்து, விரல் ஓயாமல் அமுக்குகிற ஒரு கூட்டம். தூரத்தில் இருக்கிற அந்த இயந்திரத்துக்கு அத்தையைத் தெரியுமா, மாமாவைத் தெரியுமா? அதற்குத் தெரிந்தது ஒன்றுதான். திருட்டு.

கம்பெனியின் கடிதம் இரண்டொரு நாளில் வந்தது. என் கணக்கை மூடிவிட்டார்கள். இதுவரை சேர்ந்ததையும் விளம்பரம் கொடுத்தவர்களுக்கே திருப்பிக் கொடுத்துவிடுவார்களாம். திருவிழாவுக்கு முன்னால் நேர்மையாகச் சேர்ந்ததும் அதில் போய்விட்டது. கடிதத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்கு ஆங்கிலம் பாதிதான் புரியும் என்பதால், புரியாத பாதியில் ஏதாவது நல்லது இருக்குமோ என்று தேடினேன். மேல்முறையீடு எழுதினேன். கோயில், திருவிழா, அக்கா, ஒலிபெருக்கி, மரியாதை என்று எல்லாவற்றையும் விளக்கினேன். முடிவில் மாற்றமில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதை ஒரு மனிதர் படித்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது.

மனைவியிடம் காட்டினேன். அலமாரியின் மேலே இருந்த பெரிய பையை இறக்கித் தூசி தட்டி வெயிலில் போட்டாள். அந்தப் பையைப் பார்த்ததும் மகள், "நம்ம எல்லாரும் எங்க போறோம்?" என்று கேட்டாள். நம்ம எல்லாரும் என்ற சொல்லைக் கேட்டு நான் குளியலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

செயலி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. விளம்பரம் வராததால் அடியில் இருந்த பட்டை வெறும் வெள்ளையாகக் கிடந்தது. அதை எடுக்கக்கூட எனக்கு மனம் வரவில்லை.

சிங்கப்பூருக்குப் போகிறேன் என்று சொல்வதற்காக ஒரு காலையில் புந்தோங்கில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். ஏன் போகிறேன் என்பதைச் சொல்வதா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். போனபோது அக்கா சாமி மேடையில் விளக்கேற்றிவிட்டுக் கைப்பேசியை எடுத்தார். என் செயலியைத் திறந்து ராகு காலம் பார்த்தார். பிறகு ஆள்காட்டி விரலால் அந்த வெள்ளைப் பட்டையை அமுக்கினார். மறுபடியும் அமுக்கினார்.

"அக்கா, என்னா செய்றீங்க?"

"அமுக்குறேன்லா. இப்ப கொஞ்ச நாளா படம் ஒன்னும் தெரிய மாட்டுது. ஃபோன் பழசு. தெரியலன்னா என்னா, ஒனக்குக் காசு போவும்ல."

"தெனமும் செய்றீங்களா?"

"நான் மட்டுமா?" என்று புலனக் குழுவைத் திறந்து என்னிடம் நீட்டினார். அன்றைய காலையில் வந்த செய்திகள். அமுக்கியாச்சு. அமுக்கியாச்சு அக்கா. காலை வணக்கம், அமுக்கியாச்சு. பூப் படம் போட்டு அமுக்கியாச்சு. விரலால் மேலே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. நேற்றும் அப்படி. அதற்கு முந்தின நாளும் அப்படி. ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தை, சாமி கும்பிட்ட கையோடு, இத்தனை பேர் எனக்காக அமுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நாங்கதான் ஒன் பொழப்பக் கெடுத்தமா?"

"இல்லக்கா. அவங்களுக்கு வெளங்கல."

"எங்களுக்கும்தான் வெளங்கல" என்றார். என் கையிலிருந்த கைப்பேசியைப் பார்த்து, "இத்தன நாளா சும்மா வெள்ளச் செவத்தையா அமுக்குனோம்?" என்று கேட்டார். சிரிப்பதா அழுவதா என்று அவருக்கே தெரியவில்லை. எனக்கும்தான். அந்தக் கேள்விதான் எனக்குள் எங்கோ போய் முட்டியது. வெள்ளைச் சுவரையே அமுக்குகிறவர்கள், அதில் ஏதாவது எழுதியிருந்தால் படிக்க மாட்டார்களா?

அங்கிருந்து நேராகப் பூஜைச் சாமான் கடைக்குப் போனேன். அந்தக் கடைக்காரர் வருடா வருடம் தன் கடைப் பெயர் போட்ட நாள்காட்டி அடித்து இலவசமாகக் கொடுப்பவர். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்லி, அக்கா அனுப்பிவைத்த குழுச் செய்திகளைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"ஒன்னுமே இல்லாத எடத்தையா அமுக்குறாங்க?"

"ஆமாண்ணே."

"எதுக்கு?"

"எனக்கு ஒதவின்னு."

"நான் காலண்டர் அடிச்சுக் குடுக்குறேன். பாதிப் பேரு ஆணியில மாட்டிட்டு ராகு காலத்துக்குத்தான் பாப்பாங்க. மேல என் கட பேரு இருக்கே, அத எவன் பாக்குறான்?" கண்ணாடியை மறுபடி இறக்கிக்கொண்டார். "அந்த வெள்ள எடத்துல என் கட பேரப் போடு. அமுக்குனா எனக்கு ஃபோன் வரணும். இந்த வருசம் காலண்டர் பாதிதான் அடிக்கப் போறேன். மிச்சப் பாதிக் காச மாசா மாசம் ஒனக்குத் தாரேன். ஒழுங்கா வந்தா அடுத்த வருசமும் பாப்போம்."

கப்பல் பட்டறைச் சம்பளத்தோடு வைத்துப் பார்க்கிற தொகை இல்லை அது. ஆனால் கம்பெனியிடம் நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவும் இல்லை. மனைவியிடம் சொன்னேன். அவள், "மொதல்ல ஒரு வாரம் ஓடட்டும்" என்றாள். வெயிலில் காய்ந்த பை மடிக்காமல் கட்டிலின் ஓரத்தில் கிடந்தது.

பட்டையில் கடைப் பெயரைப் போட்டேன். மறுநாள் விடிந்தும் விடியாமலும் என் கைப்பேசி அடித்தது. கடைக்காரர்.

"தம்பி, என்னா செஞ்சு வச்சிருக்க? பொழுது விடியல, ஃபோன் நிக்க மாட்டுது. எடுத்தா, ஒரு அக்கா 'அமுக்கியாச்சு'ன்னு என்கிட்டயே சொல்லிட்டு வச்சிருச்சு."

இதுவும் போயிற்று என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் விடவில்லை.

"கேளுலா. மத்தவங்களுக்கு, நான் எடுத்துட்டா சும்மா வைக்கக் கூச்சமாப் போவுது போல. சாம்பிராணி இருக்கா, கற்பூரம் இருக்கான்னு ஒரு வார்த்த கேக்குறாங்க. கேட்டுட்டு, எடுத்து வைங்க வாரேன்னு சொல்றாங்க. எனக்கு இப்ப சாம்பிராணி பத்தாது. நீ ஒன்னு செய். காலையில ஒம்போது மணிக்கு மேலதான் ஃபோன் போவுற மாதிரி மாத்து. பட்டைய எடுத்துடாத."

நான் சரி என்பதற்குள் வைத்துவிட்டார். அவருக்கு அடுத்த அழைப்பு வந்திருக்க வேண்டும். பக்கத்தில் எழுந்து உட்கார்ந்திருந்த மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தன் கைப்பேசியை எடுத்து அண்ணனுக்கு ஏதோ எழுதி அனுப்பினாள். பிறகு கட்டில் ஓரத்திலிருந்த பையை மடித்து, நாற்காலியைப் போட்டு ஏறி, அலமாரியின் மேலே வைத்தாள். நாற்காலி ஆடியது. விழுந்துவிடுவாளோ என்று பயந்து ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன்.