துறைமுகத்தடியில் நின்றது நாங்கள்தான்

அண்ணை, நீங்கள் அச்சில் பொய் எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் ஊர்ச் சங்கத்து மலரில் வந்த கட்டுரையை மூன்று தரம் வாசித்துவிட்டேன். எண்பத்து மூன்றாம் ஆண்டு மழைக்காலத்தில் பருத்தித்துறையிலிருந்து தொண்டைமானாறு வரை கடற்கரையால் நடந்து நீர்வீழ்ச்சி பார்த்த கதை. திட்டம் உங்களுடையதாம். தங்கையும் அவளது சிநேகிதியும் மழைக்குப் பயந்து வீட்டில் நின்றுவிட்டார்களாம். அந்தச் சிநேகிதி நான். உங்கள் பெயரை நான் எழுதப்போவதில்லை. வாசிக்கிற உங்களுக்குத் தெரியும், அது போதும்.

உங்கள் தங்கையும் நானும் உடுப்பிட்டியில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். நான் அந்த ஊர், கிறிஸ்தவ வேதக்கார வீடு. அவள் விடுதியில் நின்று படித்த உரும்பிராய்த் தோட்டக்காரர் மகள். அவள் வாழ்க்கையில் கண்ட விழுகிற தண்ணீர், இறைப்பு மெசின் குழாயிலிருந்து தொட்டிக்குள் விழுவது மட்டும்தான். ஜெர்மனியிலிருந்த மாப்பிள்ளைக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். தை பிறந்ததும் பயணம். மாப்பிள்ளையை அவள் படத்தில் மட்டுமே பார்த்திருந்தாள். போவதற்கு முன் என்ன வேண்டும் என்று கேட்டேன். ஒரு நாள் முழுக்கக் கடலோரமாக நடக்க வேண்டும், முடிவில் தண்ணீர் விழுவதைப் பார்க்க வேண்டும் என்றாள்.

ஆறே இல்லாத எங்கள் ஊரில் நீர்வீழ்ச்சிக்கு எங்கே போவது? தொண்டைமானாற்றில் கடல்நீர் உள்ளே ஏறாமல் தடுக்கக் கட்டிய அணையும் கதவுகளும் இருக்கின்றன. மாரியில் உள்ளே வெள்ளம் நிறைந்தால் கதவுகளால் வழிந்து கடற்பக்கம் விழும். ஆளுயரம்கூட இராது. ஆனால் சத்தம் வரும், நுரை வரும். நாங்கள் அதைத்தான் நீர்வீழ்ச்சி என்று சொல்லிக்கொண்டோம்.

திட்டம் முழுவதும் நான் போட்டது. புதன்கிழமை சைக்கிளில் அணைக்குப் போய்க் கதவு பார்க்கிற மனிதரைக் கேட்டேன். "ஞாயிறு வரைக்கும் தண்ணி பாயும் பிள்ளை. திங்கள் பூட்டிப்போடுவன். பிறகு வந்து என்னைப் பேசாதை" என்றார். ஆகவே சனிக்கிழமை. வாடைக்காற்று முதுகில் தள்ள வேண்டும் என்பதற்காகப் பருத்தித்துறையில் தொடங்கி மேற்கே நடப்பது. ஏழெட்டு மைல்கட்டை தூரம். எந்த இடத்தில் பாறை மறிக்கும், எங்கே தெருவுக்கு ஏற வேண்டும், வல்வெட்டித்துறையில் எந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர் என்றெல்லாம் கொப்பித் தாளில் கீறி வைத்தேன்.

அதன் பிறகு நான் ஒரு பிழை விட்டேன். உங்கள் அம்மாவிடம் அனுமதி கேட்கப் போனோம்.

"ரெண்டு குமர்ப்பிள்ளையள் தனியக் கடற்கரையாலை நடக்கிறதோ? உவையள் என்ன, கரைவலை இழுக்கவோ போகினம்?" என்றார்.

"அண்ணையைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போறம், மாமி" என்றேன்.

என் வாயால்தான் சொன்னேன். ஆண்துணை இல்லாமல் கடற்கரை மணலிலோ அணையடியிலோ ஓரடியும் வைப்பதில்லை என்று அவள் தாயின் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினாள். எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்குத் திறக்கிற படலைக் கதவு அப்படித்தான் திறக்கும். திறப்பு அண்ணன்மாரின் கையில்.

நீங்கள் அந்த வருடத்து ஆடிக் கலவரத்தில் கொழும்பில் அடிபட்டு, கப்பலில் வந்து இறங்கியவர். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. வீட்டில் உங்களை ஒருவரும் ஒரு சொல் சொல்வதில்லை. கதிரையில் சாய்ந்தபடி என் தாளை வாங்கிப் பார்த்துச் சிரித்தீர்கள்.

"உங்கை எங்கையடி நீர்வீழ்ச்சி? நான் மலைநாட்டிலை கண்டதுகளுக்குப் பக்கத்திலை உது கோழி மூத்திரம்."

உங்கள் தங்கை சொன்னாள்: "எனக்கு அது காணும், அண்ணை, அது போதும்."

"சரி சரி, வாறன். சாப்பாட்டைக் கொஞ்சம் கூடக் கட்டுங்கோ. நடந்தால் பசிக்கும். ஒரு எட்டுப் பொதி கட்டுங்கோவன்."

மூன்று பேருக்கு எட்டுப் பொதி. அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

வெள்ளியன்று அவள் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினாள். விடியற்காலையில் எழும்பிப் பிட்டு அவித்தோம். முட்டைப் பொரியல், உருளைக்கிழங்குப் பிரட்டல், வாழையிலை. அவள் சனிக்கிழமைகளில் மரக்கறி என்பதால் முட்டை வைக்காமல் ஒரு பொதியைத் தனியாகக் கட்டி, அடையாளத்துக்குச் சிவப்பு நூல் சுற்றினேன். ஐந்து மணிக்கு நீங்கள் சைக்கிளில் வந்தீர்கள். படலைக்குள் வராமலே கதைத்தீர்கள்.

"பஸ்ஸுக்குள்ளை பொதியெல்லாம் நசிஞ்சுபோம். தாங்கோ, நான் சைக்கிளிலை கொண்டு முன்னுக்குப் போறன். துறைமுகத்தடியிலை நிக்கிறன், நீங்கள் ஆறு மணி பஸ்ஸிலை வாங்கோ. அந்தத் தாளையும் தா, வழி பாக்க."

கொடுத்தேன். இரண்டையும் கொடுத்தேன்.

ஏழு மணிக்கு நாங்கள் பருத்தித்துறைத் துறைமுகத்தடியில் நின்றோம். தூறல். ஒரு குடைக்குள் இரண்டு பேர். அவள் புதுச் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மணலில் நடக்க ஆயத்தமாக நின்றாள். எட்டு மணி. ஒன்பது மணி. மீன் விற்கிற மனிசி ஒருத்தி எங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்:

"ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள், பிள்ளையள்?"

"அண்ணையை."

"சைக்கிளிலை பொதியோடை வந்தவனே? அவன் அப்பவே சைக்கிளை உந்தக் கடையடியிலை பூட்டிப்போட்டு ஏழெட்டுப் பொடியளோடை கரையாலை போயிட்டான். நல்ல அண்ணை! பிட்டு வாசம் இஞ்சை வரைக்கும் வந்தது."

"வா, நாங்கள் நடப்பம். இல்லாட்டி பஸ்ஸிலை நேரே அணைக்குப் போவம்" என்றேன். அவள் அசையவில்லை. "அம்மாவின்ரை தலையிலை அடிச்ச சத்தியமடி. அண்ணை வந்தாலும் வருவார்." பதினொரு மணி வரை நின்றோம். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாதது என் குற்றம். அதை நான் ஒளிக்கவில்லை. நீங்கள் எதை ஒளித்தீர்கள் என்று பார்ப்போம்.

பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்து வெறும் பையை எறிந்தீர்கள். அடியில் சிவப்பு நூல் கிடந்தது. அவளுடைய பங்கையும் விட்டுவைக்கவில்லை.

"பொடியள் எல்லாம் நிண்டாங்கள். அவங்களுக்கு நடுவிலை தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போறதோ? ஊர் என்ன கதைக்கும்?"

ஊர் கதைக்கும் என்றால் அந்தப் பொடியன்களைக் கூப்பிட்டது யார்? "நாளைக்கு ஞாயிறு, இன்னும் தண்ணி பாயும், வாங்கோ" என்று அவள் கெஞ்சினாள். காலைத் தூக்கிக் கொப்புளத்தைக் காட்டினீர்கள். ஞாயிறு காலை அவளை உரும்பிராய்க்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். திங்கள் அணைக் கதவைப் பூட்டினார்கள். உங்கள் அம்மாவிடம் நான் போய்ச் சொன்னபோது, "அவன் அடிபட்டு வந்த பிள்ளை, விடு" என்றார். ஆடியில் உங்களுக்கு அடித்தவர்கள் நாங்கள் அல்ல, அண்ணை.

தையில் அவள் போய்விட்டாள். அடுத்த மாரியில் சண்டை மூண்டு, அந்தக் கரையால் யாரும் நடக்க முடியவில்லை.

இத்தனை வருடம் நான் வாய் திறக்காததற்கு ஒரே காரணம், அவள் கேட்டுக்கொண்டது. "அண்ணையோடை கோவிக்காதை" என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினாள். ஆனால் மலர் வந்த கிழமை தொலைபேசியில் கேட்டாள்:

"எடி, நாங்கள் அண்டைக்கு உண்மையாய்ப் பருத்தித்துறைக்குப் போனனாங்களோ? இல்லாட்டி மழையெண்டு வீட்டிலையே நிண்டிட்டமோ? அண்ணை அப்பிடித்தானே எழுதியிருக்கிறார்."

கேட்டீர்களா? முதலில் அவளுடைய தண்ணீரை எடுத்தீர்கள், பிட்டைத் தின்றீர்கள். இப்போது அவள் மழையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நான்கு மணி நேரம் நின்றதையும் எடுத்துவிட்டீர்கள். கோழி மூத்திரம் என்று நீங்கள் சொன்னது உங்கள் கட்டுரையில் "எங்கள் மண்ணின் அழகிய நீர்வீழ்ச்சி" ஆகிவிட்டது. நான் கீறிய தாளின் படமும் பக்கத்தில் இருக்கிறது. என் கையெழுத்து, அண்ணை. இவ்வளவு காலம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறீர்கள். நன்றி. எனக்கு வேறு சாட்சி தேவையில்லை.

எனக்குத் தனியாகக் கடிதம் எழுத வேண்டாம். தொலைபேசியும் வேண்டாம். வருகிற ஒன்றுகூடலில் நீங்கள் பேசுகிறீர்கள் என்று அறிவித்தல் பார்த்தேன். உங்கள் தங்கை வருகிறாள், நானும் வருகிறேன், முன்வரிசையில் இருப்போம். ஒலிவாங்கியைப் பிடித்து, சபை கேட்கச் சொல்லுங்கள்: அந்தச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு உங்கள் தங்கை எங்கே நின்றாள்? சிவப்பு நூல் கட்டிய பொதியைத் தின்றது யார்?