எவரிஸ்தோ பிடித்த இடம்

கான்ஸ்டிட்யூசியோன் ரயில் நிலையத்துக்கு எதிரே, என் பத்திரிகைக் கடையை ஒட்டி, காரை நிறுத்த ஓர் இடம் பிடித்ததுதான் எவரிஸ்தோ வாழ்நாளில் செய்த ஒரே சாதனை. அது பறிபோய்விடும் என்ற பயத்தில் அதன்பின் அந்த மகானுபாவர் காரையே எடுக்கவில்லை. மாமியார் சாவுக்குக்கூட பஸ்ஸில்தான் போனார். காலையில் காருக்குள் உட்கார்ந்து மாத்தே தேநீர் உறிஞ்சுவார். ரயிலைப் பிடிக்க வந்தவர்கள், "எடுக்கப்போறீங்களா அண்ணே?" என்று கெஞ்சுவார்கள். "இல்லப்பா" என்று சொல்வதில் அவருக்கு அப்படியொரு சுகம்.

பியூனஸ் அயர்ஸில் காரை நிறுத்தினால் யாரும் ஹேண்ட் பிரேக் போடமாட்டோம். அடுத்து வருபவன் பம்பரால் மெல்லத் தள்ளி இடம் பண்ணிக்கொள்வான். எவரிஸ்தோவும் போட்டதில்லை. அவர் காய்ச்சலில் படுத்த வாரம், ஆளாளுக்குத் தள்ளித் தள்ளி அவர் காரை பஸ் நிறுத்தத்தில் கொண்டுபோய் விட்டார்கள். மாநகராட்சியின் இழுவை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போனது.

நான் சொல்லியனுப்பியதும் போர்வையோடு ஓடிவந்தார். பின்னாலேயே வந்த மனைவி டெல்ஃபினா, "நின்னு பாத்துக்கிட்டு இருக்காம, போய் காரை மீட்டுட்டு வாய்யா" என்றாள்.

"கார் கெடக்குது விடு!" என்று அழாத குறையாகக் கத்தினார் எவரிஸ்தோ. "என் இடத்துல எவன்டி நிக்கிறான்?"