தவறணையை நகர்த்திய கனகாம்பிகை ரீச்சர்

அச்சுவேலிக்குப் பக்கத்து ஊரொன்றில் தையல் படிப்பித்த கனகாம்பிகை ரீச்சர், 1984ஆம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்த கையோடு ஒரு மனு எழுதினார். பஸ் நிற்கும் சந்தியிலேயே கள்ளுத் தவறணை இருந்தது. மாலையில் வகுப்பு முடிந்து போகும் பெண்கள், அங்கே நிற்பவர்களின் வாய்க்குப் பயந்து தோட்ட வரம்புகளால் சுற்றி அடுத்த பஸ் தரிப்புக்குப் போனார்கள். தவறணையை நடத்திய கூட்டுறவுச் சங்கம் அதை அடியோடு மூடவேண்டும் என்பதுதான் மனு.

கையெழுத்து வாங்குவது பெரும்பாடாக இருக்கும் என்று நினைத்துத்தான் சைக்கிளை எடுத்தார். நடந்தது வேறு. ஓய்வுபெற்ற கிளாக்கர் சோமசேகரம் வாசித்துக்கூடப் பார்க்காமல் ஒப்பமிட்டார். வீட்டில் சாராயம் வைத்துக் குடிக்கிறவருக்குக் கள்ளு கௌரவக் குறைச்சல். வெங்காயத் தோட்டக்கார முருகேசு, தவறணைக்கு ஒருநாளும் போகத் தவறாதவர். அவரும் பேனையை வாங்கினார்.

"நீங்கள் போற இடமெல்லோ அண்ணை?"

"அதுதான் ரீச்சர். பூட்டினால் ஒழிய நான் நிப்பாட்டமாட்டன். கெதியாப் பூட்டப் பண்ணுங்கோ."

முப்பத்தாறு பேர் ஒப்பமிட்ட பிறகு, சின்னாச்சி மட்டும் மறுத்தார். அவருடைய கணவர் கள்ளிறக்குபவர்.

"உதிலை அரைவாசிப் பேர் என்ரை மனுசன் இறக்கிறதைக் குடிக்கிறவை. பூட்டினா களவாக் காய்ச்சினதைத் தேடிப் போவினம். எங்கடை சீவியமும் போயிடும்."

ரீச்சர், சின்னாச்சி கொடுத்த தேத்தண்ணியைப் பனங்கட்டியோடு குடித்துவிட்டுக் கேட்டார்: "அப்ப என்ன செய்யலாம்?"

"எனக்கும் அந்தச் சந்தியாலை போக ஏலாதுதான். பனங்காணிக்குள்ளை கொண்டுபோகட்டும். பொம்பிளையள் வீட்டை போன பிறகு, ஆறு மணிக்குத் திறக்கட்டும்."

ரீச்சர் மனுவை மாற்றி எழுதினார். அப்போதுதான் சண்டை தொடங்கியது. பாதி வேலை தனக்குப் பிடியாது என்று கிளாக்கர் பேரை வெட்டினார். பனங்காணி தூரம் என்று முருகேசு முணுமுணுத்தார். கிளாக்கரைப் பார்த்து வேறு பலரும் பேரை வெட்ட, மிஞ்சியது பதினெட்டுப் பேர். ஆனால் தையல் வகுப்புப் பெண்கள் முழுப்பேரும் தாய்மாரைக் கூட்டிவந்து ஒப்பமிட, தவறணையை நடத்திய சங்கம் பங்குனியில் இறங்கிவந்தது.

இடம் மாறிய முதல் நாள், ரீச்சர் தன் மாணவிகளோடு சந்தியால் நேராக நடந்தார். முருகேசு மதகில் தனியாகக் குந்தியிருந்தார்.

"ரீச்சர், நேரம் என்ன?"

"ஐந்தே கால் அண்ணை."

"இன்னும் முக்கால் மணித்தியாலமோ," என்று தலையைச் சொறிந்தவர், எழுந்து வாய்க்காலைத் திருப்பி வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறப் போனார். பெண்கள் பஸ் வரும்வரை சிரித்துக்கொண்டே நின்றார்கள்.